துவாமோட்டுவில் முதல் பவள வளையம்: எந்த பாஸ், எத்தனை மணிக்கு?

நீலப்பாய் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பிரெஞ்சு பாலினேசியாவில், மார்க்கேசஸ் கூட்டத்து நுக்கு ஹிவாவில் நிற்கிறோம், அடுத்தது துவாமோட்டு பவளத்தீவுகள். மலைத்தீவுகளின் விரிகுடாக்களில் நுழைந்து பழக்கம் உண்டு. பவள வளையத்தின் திறப்பு (பாஸ்) வழியாக உள்ளே இருக்கும் காயலுக்குள் போவது இதுவே முதல் தடவை.

படகு 12 மீட்டர் மோனோஹல் (ஒற்றை உடல் பாய்மரப் படகு), கீல் நீருக்குள் 1.9 மீட்டர் இறங்கும். 40 குதிரைசக்தி டீசல். தட்டையான நீரில் 6 நாட் (மணிக்கு 6 கடல்மைல்) தரும். 10 மி.மீ. சங்கிலி 70 மீட்டர் இருக்கிறது. ராடார் உண்டு, முன்னால் பார்க்கும் சோனார் கிடையாது. ஆள் இரண்டே பேர்.

ஃபக்கரவாவின் வடக்கு பாஸ் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் அகலம் என்பதால் முதலில் அங்கேயே போய்விடலாம் என்று எண்ணம். சரிதானா? அடுத்தது நேரக்கணக்கு. பாஸில் நீரோட்டம் நிற்கிற நேரத்தை இரண்டு செயலிகளில் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் இடிக்கிறது. எதை நம்புவது? கடைசியாக, சங்கிலியில் மிதவை கட்டி நங்கூரம் போடுகிறார்களே, அதை யாராவது எண்ணிக்கை, இடைவெளியோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

---

சுக்கான்பிடி:

ஃபக்கரவா தப்பில்லை. ஆனால் முதல் தீவுக்கு கவுஏஹியைத்தான் சொல்வேன். ஒரே பாஸ் (அரிக்கித்தமிரோ), தென்மேற்குப் பக்கம், நேராக இருக்கும், நடுவில் இடைஞ்சல் இல்லை. அங்கிருந்து ஃபக்கரவா வடக்கு பாஸுக்கு முப்பது கடல்மைல் சொச்சம்தான். காலையில் கிளம்பினால் பகலிலேயே போய்விடலாம். கருஆயே என்கிற அந்த ஃபக்கரவா வடக்கு பாஸின் அகலம் பார்ப்பதற்குத் தைரியம் தரும், ஆனால் நடுவில் நிற்கும் அலை (இடம் நகராமல் எழும்பி விழும் அலை) எழும்பினால் பெரிய படகையே புரட்டி எடுக்கும். அகலத்தால் வரும் உண்மையான நன்மை, கொந்தளிப்பை விட்டு ஓரமாக ஒதுங்கிப் போக இடம் இருப்பதுதான். அந்த ஓரத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்க ஒரு பாஸிலாவது பழகியிருக்க வேண்டும்.

பயணக் கணக்கு: நுக்கு ஹிவாவிலிருந்து கவுஏஹி பாஸ் வரை, தீவைச் சுற்றிப் போவதையும் சேர்த்து 530 கடல்மைல் அளவு வரும். 5.5 நாட் என்றால் 96 மணி. முற்பகலில் கிளம்பினால் சரியாக நான்கு நாள் கழித்து முற்பகலில் பாஸின் வாயில் நிற்பீர்கள். 6 நாட் ஓடினால் 88 மணி, அதாவது இருட்டு விலகுவதற்கு முன்பே தீவுகளுக்கு நடுவில் இருப்பீர்கள். அது வேண்டாம். சீக்கிரம் வந்துவிட்டால் கடைசி இரவில் பாயைச் சுருக்கி வேகத்தை இறக்குங்கள், அல்லது எல்லாத் தீவுகளுக்கும் வடகிழக்கே திறந்த கடலில் படகை நிறுத்தி வைத்துக் காத்திருங்கள். வளையங்களுக்கு இடையில் நீரோட்டம் ஒரு நாட், சில சமயம் இரண்டு நாட், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுக்கும். தூங்கிக்கொண்டே மிதக்கிற இடமில்லை.

சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) கோடு போடும்போது டிக்கெயியைக் கவனியுங்கள். நேர்கோடு போட்டால் அந்த ஒற்றைத் தீவின் கிழக்கே சில மைல் தள்ளித்தான் போகும். சிறிய திரையில் பெரிதாக்காமல் பார்த்தால் அது கண்ணில் படவே படாது. அதற்கு வெளியே ஒரு வழிப்புள்ளி வைத்துவிட்டு, ரராகாவுக்கும் கவுஏஹிக்கும் நடுவிலோ வடமேற்கே சுற்றியோ வாருங்கள்.

இந்தத் தீவுகளில் தென்னை உச்சிதான் மிக உயரம். படகின் மேல்தளத்திலிருந்து ஏழெட்டு மைலுக்குள் வந்தால்தான் கோடு போலத் தெரியும். தெற்குப் பக்கம் பல தீவுகளில் மரமே இல்லை, நீர்மட்டத்தில் வெறும் பாறை விளிம்புதான். ராடார் வடக்குப் பக்கத்துத் தென்னையை அழகாகக் காட்டும், தெற்கு விளிம்பைக் காட்டாது. திரையில் தீவு "முடிகிற" இடத்தில் பாறை முடிந்துவிட்டது என்று எண்ணி இரவில் சுற்றி வளைத்துப் போவது இங்கே படகு இழக்கும் பழைய வழி.

செயலிகளின் சண்டைக்கு ஒரு காரணம் கடிகாரம். மார்க்கேசஸ் நேரம் உலகநேரத்துக்கு ஒன்பதரை மணி பின்னால், துவாமோட்டு பத்து மணி பின்னால். ஒரு செயலி உங்கள் கைபேசியின் நேரத்திலும் இன்னொன்று தீவின் நேரத்திலும் காட்டினால் அரை மணி அங்கேயே போயிற்று. எல்லாவற்றையும் உலகநேரத்துக்கு மாற்றி எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். மீதி வித்தியாசம் வேறு விஷயம்: ஒன்று ஏற்றம் வற்றத்தின் நேரம், மற்றது ஓட்டம் நிற்கும் நேரம். இரண்டும் ஒன்றல்ல.

பனாமா வழியாக வந்திருந்தால் இன்னொன்று. அங்கே உள்ளே வரும்போது சிவப்பு வலப்பக்கம். பிரெஞ்சு பாலினேசியாவில் சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். காயலுக்குள் போனபின் கரையோர வழித்தடங்களில் சிவப்பு கரைப் பக்கம், பச்சை பாறை விளிம்புப் பக்கம். இதைச் சுக்கான் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

---

கொண்டல்காற்று:

நேரக்கணக்கைப் பற்றி நான் சொல்லுறன். இதை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் லேசு.

துவாமோட்டுவில் கடல் ஏறி இறங்கிறது அரை மீட்டருக்கும் குறைவு. அந்தக் கொஞ்சத் தண்ணியால் மட்டும் பாஸில் ஐந்தாறு நாட் ஓட்டம் வராது. வேலை செய்யிறது தெற்கிலிருந்து வாற ஸ்வெல். தெற்குப் பெருங்கடலில் கிளம்பின நீள அலை, தாழ்வான தெற்கு விளிம்பில் உடைந்து, மேலாலை வழிஞ்சு களப்புக்குள் (நீங்கள் சொல்லுற காயலுக்குள்) கொட்டும். இப்படி மணிக்கணக்காகக் கொட்டுற தண்ணி அலைக்கு எதிராக அதே விளிம்பால் திரும்பிப் போக ஏலாது. பாஸ் ஒன்றுதான் வழி. ஆகவே களப்பின் மட்டம் வெளிக்கடலைவிட உயர்ந்து நிக்கும், பாஸில் வெளியோட்டம் கூடும்.

இதால் நடக்கிறது என்னவென்றால், வெளியோட்டம் முந்தித் தொடங்கிப் பிந்தி முடியும். ஏற்றத்துக்குப் பக்கத்தில் வாற நிற்பு (ஓட்டம் நிக்கிற நேரம்) அட்டவணையைவிட முந்தி வரும், வற்றத்துக்குப் பக்கத்தில் வாறது பிந்தி வரும். உள்ளோட்டத்துக்கு உரிய நேரம் இரண்டு பக்கத்தாலும் சுருங்கும். தெற்கு ஸ்வெல் 3 மீட்டர் போல நாலைந்து நாள் தொடர்ந்து அடிச்சால் உள்ளோட்டமே இராது. 24 மணித்தியாலமும் வெளியேதான் ஓடும், கூடிக் குறையும், அவ்வளவுதான். அப்படியான நாளில் அட்டவணையில் "நிற்பு" என்று போட்டிருக்கும் நேரத்தை நம்பி உள்ளிட்டால் முகத்தில் அடிக்கும்.

கெஸ்டிமேட்டர் என்று கப்பலோட்டிகள் கைமாற்றிக்கொள்ளும் எக்செல் தாள் ஒன்று இருக்கு. ஓத நேரத்தோடு காற்றையும் ஸ்வெல்லையும் போட்டால் பாஸின் ஓட்டத்தை மதிப்பிட்டுத் தரும். பாவியுங்கோ, ஆனால் முன்னைய மூன்று நாளின் ஸ்வெல்லைச் சரியாகப் போடவேணும். இன்றைய ஸ்வெல்லை மட்டும் போட்டால் பிழைக்கும், களப்பு வடிய நாள் எடுக்கும்.

மாலைதீவில் ஓடின ஆக்கள் இங்கே ஏமாறுறதும் இதால்தான். அங்கே ஒவ்வொரு வளையத்தையும் பத்துக்கணக்கான ஆழமான வாய்க்கால் வெட்டியிருக்கும், தண்ணி தேங்காது. இங்கே கவுஏஹி போல ஒரு பெரிய களப்புக்கு ஒரே ஒரு துவாரம்.

வாயில் வந்து என்ன செய்யவேணும்: அரை மைல் வெளியே நின்று இருவிழிக் கண்ணாடியால் பாருங்கோ. வெள்ளை நுரை வாய்க்குக் குறுக்கே முழுதாக இருந்தால் நில்லுங்கோ. எந்தப் பக்கம் நிற்கும் அலை வரும் என்பது ஓட்டமும் காற்றும் மோதுகிற இடத்தைப் பொறுத்தது. வெளியோட்டம் வெளி ஸ்வெல்லோடு மோதினால் வாய்க்கு வெளியே எழும்பும், பிரெஞ்சு சார்ட்டில் இதை மாஸ்கரே என்று போட்டிருக்கும். உள்ளோட்டம் களப்புக்கு மேலாலை வாற கொண்டலோடு (கிழக்குக் காற்றோடு) மோதினால் உள் முனையில் எழும்பும். இரண்டாவதுதான் பொல்லாதது, வெளியே நின்று பார்த்தால் தெரியாது. உள்ளே நங்கூரம் போட்டிருக்கிற படகு ஏதும் ஏஐஎஸ்ஸில் (மற்றப் படகுகளின் இடத்தைக் காட்டும் கருவியில்) தெரிந்தால் விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சானலில் கூப்பிட்டுக் கேளுங்கோ.

பிறகு பாஸின் கோட்டில் நிமிர்த்தி, மெதுவாகக் கிட்டப் போய், நீரில் ஓடும் வேகத்தையும் ஜிபிஎஸ் வேகத்தையும் பாருங்கோ. வித்தியாசம்தான் ஓட்டம். உங்கட படகு 6 நாட். வித்தியாசம் 3க்கு மேல் போனால் திரும்பி வந்து ஒரு மணித்தியாலம் பொறுங்கோ. திரும்புறது என்றால் வாய்க்கு வெளியேயே திரும்பவேணும். உள்ளே போனபிறகு குறுக்காக நின்றால் ஓட்டம் படகைப் பக்கவாட்டில் எடுத்துக்கொண்டு போகும்.

---

அரைநாட்:

அண்ணா சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பலர் "கடைசி உள்ளோட்டத்தில் ஏறிப் போ, சுலபம்" என்பார்கள். என் கருத்து வேறு. எதிரே ஒரு நாட், ஒன்றரை நாட் வெளியோட்டம் இருக்கும்போது நுழைவது முதல்முறை போகிறவருக்கு நல்லது. சுக்கானில் நீர் 5 நாட் வேகத்தில் ஓடும், தரைக்கு 3.5 நாட்தான் நகர்வீர்கள். பார்க்க, யோசிக்க நேரம் கிடைக்கும், பின்வாங்கவும் முடியும். பின்னாலிருந்து 3 நாட் தள்ளினால் தரைக்கு 8 நாட், எஞ்சினை நியூட்ரலில் போட்டாலும் உள்ளே போய்க்கொண்டே இருப்பீர்கள்.

பாஸின் வாயில் எஞ்சினைக் கண்மூடித்தனமாக நம்பாதீர்கள். நாலு நாள் குலுங்கியதில் டாங்கின் அடிமண்டி கலங்கியிருக்கும். பாஸில் முழு வேகம் கேட்கும்போதுதான் ஃபில்டர் அடைக்கும். முதல் நாள் மாலையே டீசல் முன்ஃபில்டரின் கிண்ணத்தில் தண்ணீரும் கசடும் பாருங்கள், கடல்நீர் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். வாய்க்கு இரண்டு மைல் முன்பு ஸ்டார்ட் செய்து, முன்னும் பின்னும் கியர் போட்டு, பத்து நிமிடம் சுமையோடு ஓட்டுங்கள். மெயின் பாய் ஏற்றியே இருக்கட்டும், நங்கூரத்தின் கட்டை அவிழ்த்துத் தயாராக வையுங்கள். மீன் தூண்டில் கயிற்றை உள்ளே இழுத்தாயிற்றா? வாயில் புரொப்பெல்லரில் சுற்றுவது பெரும்பாலும் சொந்தக் கயிறுதான்.

---

நீலப்பாய்:

கவுஏஹிதான், முடிவு செய்துவிட்டோம். காலை 10 மணிக்கு பாஸைக் கடந்து வடகிழக்கில் உள்ள தெஆரவேரோ கிராமத்துக்கு எட்டு மைல் போகத் திட்டம். ஒரு ஆள் அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்று பார்த்தால் போதுமா? மிதவைக் கணக்கையும் யாராவது சொல்லுங்கள்.

---

சுக்கான்பிடி:

அந்த நேரமும் அந்தத் திசையும் பொருந்தாது. ஜூன் மாதம் சூரியன் வடக்கே இருக்கும். 16 பாகை தெற்கில் நண்பகலிலும் அது தலைக்கு மேல் வராது, வடக்கே 50 பாகைக்குச் சற்று மேல்தான் நிற்கும். காலை பத்தரைக்கு வடகிழக்கே போனால் முழு மினுமினுப்பும் கண்ணுக்கு நேரே. எதிரே நீர் வெள்ளித் தகடாகத் தெரியும், அடியில் இருக்கும் பவளத் திட்டு தெரியவே தெரியாது. அங்கே உச்சிவேளை 11:40 வாக்கில் வருகிறது. பாஸைக் கடந்ததும் பக்கத்தில் பாதுகாப்பான இடமிருந்தால் நின்றுவிட்டு, ஒரு மணிக்கு மேல் சூரியன் வடமேற்கே சாய்ந்தபின் தென்கிழக்கு மூலைக்குப் போங்கள். வெயில் முதுகில் இருக்கும். தெற்குக் காற்று பலத்தாலும் அந்த மூலை மறைவு தரும். மூன்றரைக்குள் நங்கூரம் விழுந்திருக்க வேண்டும்; ஐந்தேகாலுக்கு சூரியன் மறைந்துவிடும்.

அணியத்தில் நிற்பதைவிட முதல் குறுக்குக் கம்பம் வரை ஏறி நிற்பது இரண்டு மடங்கு பயன். போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு குறையும் கோணம் பிடிபடும். கருநீலம் என்றால் ஆழம். பச்சை கலந்த நீலம் ஐந்தாறு மீட்டர். வெளிறிய மணல் நிறம் வந்தால் உங்கள் கீலுக்கு நெருக்கம். பழுப்பு அல்லது மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் பவளம் மேல்மட்டத்தை ஒட்டி இருக்கிறது, திரும்புங்கள். மேக நிழலும் திட்டு போலவே தெரியும், ஆனால் நிழல் நகரும். வானம் முழுக்க மூடியிருந்தால் எந்தக் கண்ணாடியும் உதவாது, அன்று நகர வேண்டாம்.

செயற்கைக்கோள் படங்களை நுக்கு ஹிவாவிலேயே இறக்கி ஓப்பன்சிபிஎன் சார்ட் மென்பொருளில் ஏற்றிக்கொள்ளுங்கள். காயலின் பெரும்பகுதி அளவிடப்படாதது. சார்ட்டில் வெள்ளையாக இருப்பதற்கு அர்த்தம் ஆழம் என்பதல்ல. படத்தில் ஒவ்வொரு திட்டும் புள்ளியாகத் தெரியும். ஓடிய தடத்தைப் பதிவு செய்து வையுங்கள், இரவில் வெளியேற வேண்டி வந்தால் அதன் மேலேயே திரும்பலாம்.

முத்துப் பண்ணை மிதவை வரிசைகளுக்கு நடுவே போகாதீர்கள். மிதவைகளுக்கு இடையே கயிறு நீருக்குக் கீழே ஓரிரண்டு மீட்டரில் ஓடும். கைவிடப்பட்ட பண்ணை இன்னும் மோசம், மிதவை போயிருக்கும், கயிறு இருக்கும்.

---

பத்துப்பாகம்:

மிதவைக் கணக்கு.

முதலில் எதற்கு என்பது தெரிந்தால் இடைவெளி தானாக வரும். காற்று திரும்பும்போது தரையில் கிடக்கும் சங்கிலி ஒரு திட்டைச் சுற்றிக்கொள்ளும். 50 மீட்டர் விட்டிருந்தாலும் திட்டுக்கும் அணியத்துக்கும் நடுவே 12 மீட்டர்தான் செங்குத்தாக நிற்கும். அலையில் அணியம் ஏறும்போது கொடுத்துப் போக ஒன்றும் இல்லை. ஸ்னப்பர் (சங்கிலியின் குலுக்கலை வாங்கும் நைலான் கயிறு) அறும், பிறகு அணிய உருளை வளையும், அதற்கும் பிறகு விண்ட்லாஸ் (சங்கிலி இழுக்கும் இயந்திரம்) பிடுங்கும். பவளமும் போச்சு.

12 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை மணல் திட்டு ஒன்றைக் கண்ணால் தேர்ந்தெடுத்து நங்கூரத்தை நடுவில் இறக்குங்கள். 18 மீட்டர் சங்கிலி விட்டு ரிவர்சில் மெல்ல இழுத்துப் பதியவிடுங்கள். பதிந்தபிறகுதான் மிதவை. முதல் மிதவை நங்கூரத்திலிருந்து 16 முதல் 18 மீட்டரில். அதைவிடக் கிட்டக் கட்டினால் நங்கூரத்தின் தண்டையே தூக்கும், பிடி விடும். அடுத்தது 7 மீட்டர் தள்ளி, மூன்றாவது இன்னும் 7 மீட்டர் தள்ளி. மொத்தம் 45 மீட்டர் விட்டு, அதன்மேல் 12 அல்லது 14 மி.மீ. நைலான் ஸ்னப்பர் எட்டு மீட்டர்.

ஏன் 7? உங்கள் 10 மி.மீ. சங்கிலி தண்ணீருக்குள் மீட்டருக்கு 2 கிலோ. 30 செ.மீ. குறுக்களவு உருண்டை மிதவையின் கொள்ளளவு 14 லிட்டர், தன் எடை போக 13 கிலோ தூக்கும். ஆக ஒரு மிதவை ஆறரை மீட்டர் சங்கிலியைச் சுமக்கும். 7 மீட்டர் வைத்தால் கொஞ்சம் தோற்கும், சங்கிலி திட்டுகளுக்கு மேலே வளைந்து தொங்கும். அதுதான் வேண்டும். மிதவை எல்லாம் மேலே வந்து ஆடினால் தூக்குதிறன் அதிகம், ஒன்றைக் கழற்றுங்கள். 20 செ.மீ. மிதவை என்றால் 4 லிட்டர்தான், மூன்று சேர்த்தால்தான் பெரியது ஒன்றுக்கு ஈடு.

கெட்டியான பிளாஸ்டிக் முத்துப்பண்ணை மிதவையே வேண்டும். காற்று வந்து மோதும் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும். படகின் ஃபெண்டரைக் கட்டாதீர்கள். பலத்த காற்றில் சங்கிலி அதை 10 மீட்டருக்கு இழுத்தால் அழுத்தத்தில் பாதியாகச் சுருங்கிவிடும், தூக்குதிறனும் பாதி.

கட்டுவதற்கு ஒரு முழக் கயிறு, முனையில் கராபினர் கொக்கி. சங்கிலிக் கண்ணியில் கொக்கி நுழைகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். நுழையாவிட்டால் மெல்லிய கயிற்றுக் கண்ணி போட்டு அதில் மாட்டுங்கள். எடுக்கும்போது ஒருவர் விண்ட்லாஸ் பொத்தானில், ஒருவர் கொக்கியில். கொக்கி கையில் வந்ததும் நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும். விரல் போகிற இடம் அது. எடுப்பதற்கு முன் கண்ணாடி மாட்டி நீந்திப் பார்த்துவிட்டு வாருங்கள், சங்கிலி எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று தெரிந்தால் படகை அந்தச் சுற்றின் எதிர்ப்புறம் ஓட்டி அவிழ்க்கலாம்.

---

கொண்டல்காற்று:

தென்கிழக்கு மூலையைச் சொல்லியாச்சு, அதிலை ஒரு எச்சரிக்கை. தெற்கே தாழ்வுநிலை கடக்கும்போது காற்று கிழக்கிலிருந்து வடகிழக்கு, வடக்கு, வடமேற்கு, மேற்கு, தெற்கு என்று இடஞ்சுழியாகச் சுற்றும். கடைசியில் தெற்கு அல்லது தென்கிழக்கிலிருந்து 25–30 நாட் மாராமு (இங்கத்தைய பலத்த தென்கிழக்குக் காற்று) பிடிக்கும். மேற்கே திரும்பும் அந்தச் சில மணித்தியாலம்தான் ஆபத்து. காற்று மறைவாய் இருந்த கரை உங்கட பின்னுக்கு வந்திடும், களப்பு முழுதையும் தாண்டி வாற குட்டை அலை ஒரு மீட்டருக்கு எழும்பும். வானிலைக் கோப்பில் வடமேற்கு 15க்கு மேல் காட்டினால் முதல்நாள் பகலிலேயே எதிர்க்கரைக்குப் போங்கோ. இருட்டினபிறகு திட்டுகளுக்கு நடுவில் இடம் மாறுறது இல்லை.

மீனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேணும். களப்புக்குள்ளும் பாஸிலும் பிடிக்கும் பாறை மீனை ஊர் ஆக்களிடம் காட்டாமல் தின்னாதேங்கோ. சிகுவதேரா நஞ்சு சமைச்சாலும் போகாது, உறைய வைச்சாலும் போகாது. ஒரு தீவில் நல்ல மீன் பக்கத்துத் தீவில் நஞ்சாக இருக்கும். வெளிக்கடலில் இழுக்கிற சூரையும் மாஹி மாஹியும் பிரச்சினையில்லை. தேங்காயும் அப்படித்தான், மரம் எல்லாம் ஆரோ ஒருத்தரின் கொப்பரா. கேட்டால் தருவினம்.

---

நீலப்பாய்:

மூன்று பேருக்கும், பத்துப்பாகத்துக்கும் நன்றி. எங்களிடம் இருப்பது 20 செ.மீ. மிதவை ஆறு. இரண்டு இடத்தில் மூன்று மூன்றாகக் கட்டலாமா?

---

பத்துப்பாகம்:

கட்டலாம். மூன்றையும் ஒரே கொக்கியில் மாட்டாதீர்கள், ஒன்றோடொன்று உரசிக் கயிறு முறுக்கிக்கொள்ளும். அரை மீட்டர் இடைவெளியில் தனித்தனிக் கொக்கி. 17 மீட்டரில் ஒரு கூட்டம், 24இல் ஒரு கூட்டம், மொத்தம் 38 மீட்டருக்கு மேல் விட வேண்டாம். 12 மீட்டர் ஆழத்துக்கு அது சாதாரணக் காற்றில் போதும். 20 நாட்டுக்கு மேல் வருமென்றால் ஆழம் குறைந்த மணலாகப் பாருங்கள்.